ரீஃபண்டில் குறைந்த 200 டாலர்: வரியிலிருந்து போனதா, வீட்டிலிருந்து போனதா?

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வசிக்கும் ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவன், மனைவி இருவருக்கும் வேலை. இரண்டு குழந்தைகள். இந்திய ராணுவத்தில் சுபேதாராக ஓய்வு பெற்ற அவருடைய அப்பா, க்ரீன் கார்டில் வந்து இரண்டு ஆண்டுகளாக இவர்களோடு இருக்கிறார்.

கடந்த மார்ச்சில் 2025-க்கான வரி ரிட்டர்னை இவரே சாஃப்ட்வேரில் போட்டிருக்கிறார். மாநில ரிட்டர்ன் முடியும் இடத்தில் ‘விருப்ப நன்கொடை’ என்று ஒரு பட்டியல் வந்ததாம். அதில் முன்னாள் ராணுவத்தினர் இல்லங்கள் என்ற பெயரைப் பார்த்ததும் அப்பாவை நினைத்து 200 டாலர் போட்டுவிட்டார். எப்படியும் அரசுக்குப் போகிற வரிதானே, அதில் ஒரு பங்கு நல்ல காரியத்துக்குப் போகட்டும் என்பது அவர் எண்ணம். 310 டாலர் வரவேண்டிய மாநில ரீஃபண்ட் 110 டாலராக வந்தபோதுதான் வீட்டில் பேச்சு கிளம்பியிருக்கிறது. “நம் கையிலிருந்து போயிருக்கிறது” என்கிறார் கணவர். “வரியிலிருந்து போயிருக்கிறது” என்கிறார் இவர். குடும்ப நண்பர் ஒருவர் நடுவில் புகுந்து, செலவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிடாமல் வருமானத்திலிருந்து ஒரு நிலையான தொகையைக் கழித்துக்கொள்ளும் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுப்பவர்களுக்கு நன்கொடையால் ஒரு பைசா பயன் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

இவருடைய கேள்விகள் இவைதான். அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? அது வீடில்லாமல் தெருவில் இருக்கும் முன்னாள் வீரர்களுக்குப் போகிறதா, வீட்டுக்குப் பக்கத்தில் செயின்ட் ஆல்பன்ஸில் இருக்கும் இல்லத்துக்குப் போகிறதா? நன்கொடை கொடுத்த குடும்பம் என்ற முறையில் பின்னாளில் அப்பாவுக்கு அங்கே இடம் கேட்க முடியுமா? ஒவ்வொரு டிசம்பரிலும் அப்பா இந்தியாவின் கொடிநாள் நிதிக்கு அனுப்பும் பணத்தை இங்கே கணக்கில் காட்டலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

வீட்டு வழக்கை முதலில் முடித்துவிடலாம். உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. அந்த 200 டாலர் உங்கள் பணம். நீங்கள் கட்டவேண்டிய வரி ஒரு டாலர்கூடக் குறையவில்லை. வரியைக் கணக்கிட்டு முடித்த பிறகு, அதற்கு மேல் நீங்கள் கொடுத்த தொகை அது.

உங்களுக்கு இந்தக் குழப்பம் வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. மத்திய அரசின் 1040 படிவத்தில், முதல் பக்கத்திலேயே அதிபர் தேர்தல் நிதிக்கு 3 டாலர் ஒதுக்கலாமா என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதை டிக் செய்தால் உங்கள் வரி கூடாது, ரீஃபண்டும் குறையாது. ஏற்கனவே கட்டிய வரியிலிருந்து அரசு அந்த 3 டாலரை எடுத்து வைக்கும். அதைக் கடந்து வந்த அதே கையோடு மாநில ரிட்டர்னில் இன்னொரு பட்டியலைப் பார்க்கும்போது, இதுவும் அப்படித்தான் என்று தோன்றுவது இயல்பு. என்னிடம் வருகிறவர்களில் நன்றாகக் கணக்கு தெரிந்தவர்களே இதில் தடுக்கி விழுகிறார்கள்.

நியூயார்க் மாநிலத்தின் ஐடி-201 படிவத்தை எடுத்து 60-ஆம் வரியைப் பாருங்கள். ஐடி-227 என்ற தனிப் படிவத்தில் நீங்கள் தேர்ந்தெடுத்த நன்கொடைகளின் மொத்தம் அங்கேதான் வந்து உட்காரும். 61-ஆம் வரியில் அது நீங்கள் கட்டவேண்டிய வரித் தொகையோடு சேர்த்துக் கூட்டப்படும். ரீஃபண்ட் வர வேண்டியவருக்கு அந்த அளவு குறையும், பாக்கி கட்ட வேண்டியவருக்கு அந்த அளவு கூடும். படிவத்தின் விளக்கக் குறிப்பில் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் சாஃப்ட்வேரில் கேள்வி கேள்வியாக நகர்ந்து போகிறவர் கண்ணில் அந்தக் குறிப்பு படுவதே இல்லை. அது சாஃப்ட்வேர் செய்கிறவர்களின் குறை என்பேன். ‘இது உங்கள் ரீஃபண்டிலிருந்து கழியும்’ என்று பக்கத்திலேயே எழுத எவ்வளவு நேரமாகும்?

இந்த ஏற்பாடு புதிதல்ல. 1977-இல் கொலராடோ மாநிலம் காட்டுயிர்ப் பாதுகாப்புக்காக வரிப் படிவத்தில் இப்படி ஒரு கட்டத்தை வைத்தது. மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. நியூயார்க்கிலும் காட்டுயிர்களில் தொடங்கி, புற்றுநோய் ஆராய்ச்சி, காணாமல் போன குழந்தைகள், நூலகங்கள் என்று பட்டியல் நீண்டுகொண்டே போய்விட்டது.

பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

முடியாது. ரிட்டர்னைத் தாக்கல் செய்த பிறகு நன்கொடைத் தொகையை மாற்ற முடியாது என்பது மாநிலத்தின் விதி. திருத்திய ரிட்டர்ன் போட ஐடி-201-எக்ஸ் என்று ஒரு படிவம் உண்டு. ஆனால் அதிலும் இந்த வரியில் முதலில் காட்டிய தொகையையே மறுபடி எழுத வேண்டும். கோயில் உண்டியலில் போட்ட காசு மாதிரிதான். இதற்காக ஒரு திருத்தம் அனுப்பிப் பார்க்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வேலைதான் கூடும், பணம் வராது.

நீங்களே விரும்பிப் போட்டதால் உங்கள் நிலை சிக்கலில்லாதது. சிலருக்கு, ரிட்டர்ன் தயாரித்துக் கொடுத்தவர் கேட்காமலே ஒரு தொகையைப் போட்டிருப்பார். அப்போதும் கையெழுத்து வரி செலுத்துபவருடையது. அதனால் வழக்கை மாநில அரசோடு நடத்த முடியாது, தயாரித்தவரோடுதான் பேச வேண்டியிருக்கும். யாரிடம் கொடுத்துச் செய்தாலும், கையெழுத்துப் போடுவதற்கு முன் 59, 60 ஆகிய இரண்டு வரிகளைப் பார்த்துவிடுங்கள். 59-ஆம் வரி, வெளிமாநிலத்திலும் இணையத்திலும் விற்பனை வரி கட்டாமல் வாங்கிய பொருள்களுக்கானது. பலர் படிக்காமலே தாண்டிப் போகும் இன்னொரு இடம் அது.

உங்கள் நண்பர் சொன்னது பழைய கதை

மாநில அரசுக்குப் பொதுக் காரியத்துக்காகக் கொடுக்கும் பணம், மத்திய வரிச் சட்டப்படி அறக்கொடைதான். எந்த ஆண்டில் கொடுத்தீர்கள் என்பதில்தான் கவனம் வேண்டும். 2025-க்கான ரிட்டர்னில் போட்டிருந்தாலும், பணம் உங்களிடமிருந்து போனது 2026-இல். ஆகவே 2027-இல் நீங்கள் போடப்போகும் ரிட்டர்னில்தான் இது கணக்கில் வரும்.

ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுப்பவர்களுக்கு நன்கொடைக் கழிவு கிடையாது என்பது 2022 முதல் 2025 வரை சரி. 2025-இல் வந்த சட்டம் இதை மாற்றியது. 2026-ஆம் ஆண்டிலிருந்து, செலவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிடாதவர்களும் ரொக்க நன்கொடையை ஒரு வரம்பு வரை கழிக்கலாம். தனிநபருக்கு 1,000 டாலர் வரை, சேர்ந்து ரிட்டர்ன் போடும் தம்பதிக்கு 2,000 டாலர் வரை. இங்கே ரொக்கம் என்றால் நோட்டாக எண்ணிக் கொடுத்தால்தான் என்று அர்த்தமில்லை. காசோலை, கார்டு எல்லாம் இதில் அடங்கும். வீட்டிலிருந்து எடுத்துக் கொடுக்கும் பழைய துணியும் நாற்காலியும்தான் அடங்காது. மாநில அரசுக்குக் கொடுத்ததும் இந்தக் கழிவுக்குள் வரும்.

இதனால் உங்களுக்கு எவ்வளவு மிச்சம்? நீங்கள் 22 சதவீத வரி அடுக்கில் இருப்பதாக வைத்துக்கொண்டால் 44 டாலர். அதுவும் மத்திய வரியில் மட்டும். நியூயார்க் மாநில வரியில் இந்தப் புதிய கழிவு இல்லை, அங்கே தனித்தனியாகப் பட்டியலிட்டால்தான் நன்கொடைக்குப் பயன். ஆக, 200 கொடுத்ததில் உங்கள் நிகரச் செலவு 156 டாலர் அளவில் நிற்கும். வரி மிச்சத்துக்காக நன்கொடை கொடுக்கிறேன் என்று யார் சொன்னாலும் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். ஐடி-227 படிவத்தின் நகலையும், ரீஃபண்ட் வந்த மாதத்தின் வங்கிக் கணக்குப் பக்கத்தையும் எடுத்து வையுங்கள். அடுத்த மார்ச்சில் தேட வேண்டியிருக்காது.

பணம் எங்கே போகிறது?

உங்கள் படிவத்தில் முன்னாள் ராணுவத்தினருக்காக ஒன்றுக்கு மேற்பட்ட நிதிகள் இருந்திருக்கும். வீடற்ற முன்னாள் வீரர்களுக்கு ஒன்று. நினைவிடங்களுக்கும் கல்லறைகளுக்கும் ஒன்று. நீங்கள் தேர்ந்தெடுத்தது மூன்றாவது வகை, அதாவது மாநில அரசின் முன்னாள் ராணுவத்தினர் இல்லங்களின் பராமரிப்புக்கானது. தெருவில் இருப்பவர்களுக்கு இரவுத் தங்குமிடம் தரும் இடங்கள் அல்ல அவை. வயதாகி, ஞாபகம் தப்பி, பக்கவாதம் வந்து, நாள் முழுக்கச் செவிலியர் துணை தேவைப்படுகிறவர்களுக்கான பராமரிப்பு இல்லங்கள்.

நியூயார்க் மாநிலத்தில் இப்படி ஐந்து இருக்கின்றன. படேவியா, மாண்ட்ரோஸ், ஆக்ஸ்ஃபோர்டு, குவீன்ஸின் செயின்ட் ஆல்பன்ஸ் ஆகிய இடங்களில் மாநிலச் சுகாதாரத் துறை நடத்தும் நான்கு. ஐந்தாவது லாங் ஐலண்டில், ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. இவற்றில் ஆக்ஸ்ஃபோர்டு இல்லம் 1897-இல், உள்நாட்டுப் போரில் சண்டையிட்டவர்களுக்காகவும் அவர்களுடைய மனைவி, விதவைகளுக்காகவும் தொடங்கியது. கணவனும் மனைவியும் சேர்ந்தே இருக்க இடம் கொடுத்தது என்பது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம்.

செயின்ட் ஆல்பன்ஸில் லிண்டன் புலவார்டில் நீங்கள் பார்த்திருக்கும் வளாகத்தில் இரண்டு தனி அமைப்புகள் உண்டு. ஒன்று மாநிலத்தின் இல்லம். மற்றொன்று மத்திய அரசின் முன்னாள் ராணுவத்தினர் துறை நேரடியாக நடத்தும் பராமரிப்பு மையம். வரிப் படிவத்தில் போட்ட பணம் மாநில இல்லங்களுக்கு உரியது. ஆனால் ஐந்தில் எது என்று நீங்கள் குறிப்பிட முடியாது. எல்லாருடைய பணமும் ஒரே நிதியில் சேர்ந்து, மாநில அரசின் ஒதுக்கீட்டு வழியாகத்தான் வெளியே வரும்.

இந்த இல்லங்கள் நன்கொடையால்தான் ஓடுகின்றன என்று நினைத்தால் அதுவும் சரியில்லை. கட்டடத்துக்கு மத்திய அரசு 65 சதவீதம் வரை மானியம் தருகிறது. அங்கே தங்கும் முன்னாள் வீரர் ஒவ்வொருவருக்கும் நாள் கணக்கில் ஒரு தொகையும் தருகிறது. மிச்சம் மூத்தோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர், வருமானம் குறைந்தவர்களுக்கான மெடிகெய்ட், தங்குகிறவர்களின் சொந்தப் பணம் என்று பல வழிகளில் வரும். ராணுவச் சேவையால் 70 சதவீதமோ அதற்கு மேலோ உடல்திறன் இழந்தவர் என்றால் முழுச் செலவையும் மத்திய அரசே ஏற்கும். இத்தனைக்கும் நடுவில் உங்கள் 200 டாலர் சின்னதுதான். அதற்காக வீண் என்று சொல்ல மாட்டேன்.

ஒரு குறையையும் சொல்லவேண்டும். வரிப் படிவம் வழியாகச் சேர்ந்த பணம் சில நிதிகளில் செலவழிக்கப்படாமலே கிடப்பதாக மாநிலக் கணக்குத் தணிக்கைக்குப் பொறுப்பான காம்ப்ட்ரோலர் அலுவலகமே சுட்டிக்காட்டியதுண்டு. பணம் தொலைந்து போகிறது என்று இதற்குப் பொருள் இல்லை, மெதுவாக நகர்கிறது. கொடுத்தது சீக்கிரம் பயன்பட வேண்டும், இந்த இல்லத்துக்குத்தான் போக வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு இது ஏற்ற வழி அல்ல.

அப்பாவுக்கு இடம் கிடைக்குமா?

இதைப் படிக்கும்போது உங்களுக்குக் கொஞ்சம் வருத்தமாக இருக்கலாம். அந்த இல்லங்கள் அமெரிக்க ஆயுதப் படைகளில் பணியாற்றியவர்களுக்கானவை. அவர்களுடைய மனைவி அல்லது கணவர், பணியில் உயிரிழந்தவர்களின் பெற்றோர் போன்றவர்களுக்கும் ஓரளவு இடம் உண்டு. இந்திய ராணுவத்தில் எத்தனை ஆண்டு இருந்தாலும், எந்தப் போரில் நின்றிருந்தாலும், அது இங்கே தகுதியாகாது. நன்கொடைக்கும் அனுமதிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இருக்கவும் கூடாது. இருந்தால் காசுள்ளவர் வரிசையில் முன்னால் போய்விடுவார்.

தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த இல்லங்கள் சம்பந்தமே இல்லாதவை என்றும் எண்ணிவிடாதீர்கள். 2009-இலிருந்து 2016 வரை, தேவையான மொழிகள் தெரிந்த வெளிநாட்டவர்களை அமெரிக்க ராணுவம் ஒரு சிறப்புத் திட்டத்தில் சேர்த்தது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. இங்கேயே பிறந்து வளர்ந்து ராணுவத்தில் சேர்ந்த நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு நாள் வயதாகும்.

உங்கள் அப்பாவின் முதுமைக்கு வேறு திட்டம் வேண்டும். 65 வயதைக் கடந்த க்ரீன் கார்டுக்காரர், இங்கே வேலை பார்த்த கணக்கு இல்லாவிட்டாலும், தொடர்ந்து ஐந்து ஆண்டு வசித்த பிறகு மாதாமாதம் பிரீமியம் கட்டி மெடிகேரில் சேரலாம். இரண்டு ஆண்டு ஆகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். மீதி மூன்று ஆண்டுக்கான மருத்துவக் காப்பீட்டை இப்போதே பாருங்கள், ஐந்து ஆண்டு முடியும் தேதியையும் குறித்து வையுங்கள். இந்தியாவில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டத்தில் அவர் உறுப்பினராக இருந்தால் அந்த அட்டையைக் கைவிட வேண்டாம். ஊருக்குப் போகும்போது உதவும். ஆனால் இங்குள்ள மருத்துவமனைச் செலவுக்கு அது கைகொடுக்காது.

கொடிநாள் நிதி

1949-இலிருந்து டிசம்பர் 7-ஆம் தேதி கொடிநாளாக இருக்கிறது. அன்று உங்கள் அப்பா பணம் அனுப்பாமல் இருக்க மாட்டார் என்று எழுதியிருந்தீர்கள். தாராளமாக அனுப்பட்டும். ஆனால் அமெரிக்க ரிட்டர்னில் அதைக் கழிக்க முடியாது. வெளிநாட்டு அமைப்புக்கு நேரடியாகக் கொடுப்பதை இங்குள்ள சட்டம் அறக்கொடைக் கழிவாக ஏற்பதில்லை. கனடா, மெக்சிகோ, இஸ்ரேல் ஆகிய மூன்று நாடுகளுக்கு மட்டும், அந்தந்த நாட்டில் வரும் வருமானத்தை ஒட்டி, ஒப்பந்த வழியில் விலக்கு உண்டு. இந்தியாவுக்கு இல்லை.

அப்பா இந்தியாவில் பென்ஷனுக்கு ரிட்டர்ன் போடுகிறார் என்றால், பழைய வரி முறையில் இருக்கும்வரை அங்கே நன்கொடைச் சலுகை கேட்கலாம். புதிய முறைக்கு மாறியிருந்தால் அந்தச் சலுகை போய்விடும். இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லி அங்குள்ள ஆடிட்டரிடம் கேளுங்கள். பல பென்ஷன்தாரர்களுக்குப் புதிய முறையே லாபமாக இருக்கிறது, அப்போது சில ஆயிரம் ரூபாய் நன்கொடைக்காகப் பழைய முறையில் தங்குவதில் அர்த்தமில்லை.

அடுத்த ஆண்டு என்ன செய்யலாம்?

உங்களுக்குச் செயின்ட் ஆல்பன்ஸ்தான் மனதில் இருக்கிறது என்றால், அந்த இல்லத்தையே நேரடியாகத் தொடர்பு கொள்ளுங்கள். நன்கொடை யார் பெயரில் வாங்குகிறார்கள், ரசீது தருவார்களா, எந்தத் தேவைக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். வரிச் சலுகையைப் பொறுத்தவரை இரண்டு வழிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் 250 டாலரோ அதற்கு மேலோ ஒரே தடவையில் கொடுத்தால், எழுத்தில் ஒப்புதல் கடிதம் கட்டாயம் வாங்கி வையுங்கள். வரிப் படிவத்தில் போடுவதற்கும் ஒரு நன்மை இருக்கிறது. தனியாக யாரையும் தேடவேண்டாம், இடையில் ஏமாற்ற ஆளும் இல்லை. என்னைக் கேட்டால், பெரிய தொகையை நேரடியாகவும், மனம் இருந்தால் பத்து இருபது டாலரைப் படிவத்திலும் கொடுக்கச் சொல்வேன்.

அப்பாவை அங்கே தன்னார்வத் தொண்டுக்கு அழைத்துப் போக முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். பகலெல்லாம் வீட்டில் தனியாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பட்டாளத்தில் இருந்தவருக்குப் பட்டாளத்துக்காரரோடு பேச மொழி பெரிய தடையாக இருக்காது.

அப்புறம், முன்னாள் வீரர்கள் பெயரைச் சொல்லித் தொலைபேசியில் நன்கொடை கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். இது இங்கே பழைய மோசடி. 2018-இல் மத்திய வர்த்தக ஆணையமும் மாநிலங்களும் சேர்ந்து, போலி முன்னாள் ராணுவத்தினர் அமைப்புகள் மீது ஒரே வீச்சில் நடவடிக்கை எடுக்கும் அளவுக்கு அது பெருகியிருந்தது. கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணைச் சொல்லுங்கள் என்றால் போனை வைத்துவிடுங்கள். அமைப்பின் பெயரைச் சொன்னால், வருமான வரித் துறையின் வலைத்தளத்தில் வரிவிலக்கு பெற்ற அமைப்புகளின் தேடல் பக்கத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், 200 டாலரைவிட அதுதான் முக்கியம். க்ரீன் கார்டு வைத்திருக்கும் உங்கள் அப்பா, இந்த நாட்டின் வரிச் சட்டப்படி உலகில் எங்கே வரும் வருமானத்துக்கும் இங்கே கணக்குக் காட்ட வேண்டியவர். அவருடைய ராணுவ பென்ஷனும், ஊரில் இருக்கும் வைப்புத் தொகையின் வட்டியும் அதில் அடங்கும். அதோடு, இந்தியாவில் அவர் பெயரில் இருக்கும் எல்லா வங்கிக் கணக்குகளையும் சேர்த்து ஆண்டில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டியிருந்தாலும், எஃப்பார் என்ற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கையைத் தனியாகத் தாக்கல் செய்ய வேண்டும். அதற்குக் கெடு ஏப்ரல் 15, தவறினால் தானாகவே அக்டோபர் 15 வரை நீளும். அவர் வந்த இந்த இரண்டு ஆண்டுக்கும் இது தாக்கல் ஆகியிருக்கிறதா என்பதை உங்கள் கடிதத்திலிருந்து என்னால் அறிய முடியவில்லை. ஆகவில்லை என்றால், துறையிலிருந்து கடிதம் வரும்வரை காத்திருக்காமல், வெளிநாட்டுக் கணக்கு விவகாரம் தெரிந்த ஒரு வரி ஆலோசகரை அப்பாவின் பாஸ் புத்தகங்களோடு இந்த மாதமே போய்ப் பாருங்கள்.